தலைக்கவசப் பூட்டு

விலை அப்போதே சொன்னது.
ஆயிரத்து முந்நூறு வெள்ளி,
நான்கு வயதுகூட ஆகாத மோட்டாருக்கு.
அதை நான் அதிர்ஷ்டம் என்று கேட்டுக்கொண்டேன்.

கைப்பேசிப் படத்தில்
பச்சைச் சுவரோரம் நின்றிருந்தது.
எண்பலகை மேல் ஒரு வெள்ளைச் சதுரம்,
செய்தித்தாளில் சிறுவர்களின் கண்ணை மறைப்பார்களே, அப்படி.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை
எங்கள் தடத்துப் பேருந்தை நிறுத்தி ஆறு வாரம்.
இரவு வேலை முடிந்து ஜெலுத்தோங் வரை
யார் யார் பின்னாலோ தொற்றிக்கொண்டு வந்தவளுக்கு
ஒரு வெள்ளைச் சதுரம் என்ன பெரிது?

கூட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தேன்.
பெட்ரோல் நிலையத்தில், காற்றடிக்கும் இடத்தில்
ஒரு பையன் வந்தான். பெயர் டேனி என்றான்.
கூட வந்தவன் அவனை வேறு பெயரில் கூப்பிட்டான்.
"கிராண் எங்கே தம்பி?"
"அண்ணன்கிட்ட இருக்கு அக்கா. திங்கக்கிழமை பேர் மாத்திடலாம்."
திங்கட்கிழமைகள் வந்தன.
முதலில் அவன் எண் ஒலித்தது,
பிறகு ஒலிக்கவும் இல்லை.

வண்டியைவிடச் சாவி புதிது.
ஓட்டத்துக்குத் திரும்பும் சாவி
இருக்கைக்குக் கீழே, இடப்பக்கம்,
தலைக்கவசம் மாட்டும் சின்னப் பூட்டில் மட்டும்
பாதியில் நின்றுவிடும்.
துரு என்று முடிவு செய்து
ராத்திரிதோறும் தேங்காயெண்ணெய் விட்டேன்.

ஒரு விடுமுறை நாளில் கழுவும்போது
எஞ்சினுக்கு அடியில் விரல் போனது.
எண் இருக்க வேண்டிய இடம்
செதில் சுரண்டிய மீன்போல வழவழத்தது.
வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன்.
சுடுது, என்று எனக்கே சொன்னேன்.
எஞ்சின் ஆறி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

சந்தையில்தான் அவள் நின்றாள்,
கையில் கெம்போங் மீன் பையோடு,
என் மோட்டாரின் பக்கத்தில்.
கத்தவில்லை.
குனிந்து, பின் மட்கார்டில் ஓர் ஒட்டுத் தழும்பைத் தடவினாள்,
பிள்ளையின் முழங்காலைப் பார்ப்பதுபோல.
பிறகு பையைத் துழாவி ஒரு சாவி எடுத்தாள்.
அந்தச் சின்னப் பூட்டில் விட்டாள்.

டிக்.

ஒரு மாத எண்ணெய்க்கு மசியாதது.

ஹஸ்னிசா. மருத்துவமனையில் துப்புரவு வேலை.
அங்கேதான், வார்டு கூட்டிவிட்டு வருவதற்குள் போயிருக்கிறது.
இன்னும் பதினோரு தவணை பாக்கி என்று
நான் கேட்காமலே மலாயில் சொன்னாள்.
ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.
அவள் அதைச் சொல்லியிருந்தால்
எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

காவல் நிலையத்தில் சார்ஜன்ட்
என் கைப்பேசியை என் பக்கமே திருப்பி வைத்தார்.
"உங்கள் வண்டியாக இருந்தால்
இந்த விலைக்கு நீங்கள் விற்பீர்களா?"
திருட்டுப் பொருள் என்று தெரியுமா?
தெரியாது.
மறுபடி கேட்டார். தெரியாது.
மூன்றாம் முறை அந்தச் சொல்
நீர் ஊற்றிய தேநீர்போல வந்தது.
மேசைக்குக் கீழே
அந்த விரலைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டிருந்தேன்.

வழக்கு முடியும்வரை வண்டி யாருக்கும் இல்லை.
சான்றுப் பொருள் பட்டியல் போட்டார்கள்:
மோட்டார் ஒன்று. சாவி ஒன்று.
முன்கூடையில் மழைக்கோட்டு ஒன்று, நீலம்.
"அது நான் வாங்கினது சார்."
"எழுதியாச்சு."

வெளியே கொட்டியது.
தாழ்வாரத்தில் அவளும் நானும்.
அவளுக்குப் பதினோரு தவணை, எனக்கு எட்டுக் கூட்டு,
ஒரே மோட்டாருக்கு.
கம்பி வலைக்கு அப்பால் அது நனைந்துகொண்டிருந்தது,
கூடையில் என் மழைக்கோட்டு
மடிப்புக் கலையாமல்.

கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று
அவளிடம்தான் கேட்டேன்.
நாலு மாதமாக
அவளுக்குத்தான் அது தெரியும்.